பெயர் கேட்கும் வேலை

டிசம்பர் பதினேழு.
இன்றைய வாசகத்தில் பெயர்கள் மட்டும்.
இவருடைய மகன் அவர், அவருடைய மகன் இன்னொருவர்,
நாற்பத்திரண்டு தலைமுறை,
மூச்சு விட இடமில்லை.
போன வருஷம் இட்லி வேகும் நேரத்தில்
இந்தப் பக்கத்தைப் புரட்டித் தாண்டினேன்.
அதற்கு முந்தின வருஷமும்.
பங்குச் சாமியாரே பூசையில் நாக்குத் தடுக்கிச்
சிரித்துவிட்ட பக்கம் இது.

இன்று லிங்கராஜபுரத்தில் பனி.
எதிர்மாடி விளக்கைப் பஞ்சுக்குள் வைத்திருக்கிறார்கள்.
சமையல் மேடை ஓரம் நின்றபடி
ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
செபிக்க என்னிடம் வார்த்தை இல்லாத காலை,
ஆண்டவருடைய ரேஷன் கார்டையாவது படிப்போமே என்று.

மாதாவுக்கு முன்னால் அதில் நாலே நாலு பெண்கள்.
மூன்று பேருக்குப் பெயர் உண்டு.
நாலாமவள் இன்னாருடைய மனைவி.
அவ்வளவுதான்.
அரசனைப் பெற்றவள்.

ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டி,
கால் நடுவே ஐஸ் பெட்டி.
வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறேன்,
அவர்கள் வெறும் வயிறு, நானும் வெறும் வயிறு.
ஊசிக்கு முன் ஒரு விதி:
பெயரை நோயாளியின் வாயாலேயே கேட்க வேண்டும்.
சீட்டில் இருந்தாலும்,
வாசலில் பித்தளையில் பொறித்திருந்தாலும்.
சேர்ந்த முதல் வாரம் கேட்காமல் விட்டேன்.
அண்ணனுடைய சர்க்கரை தம்பிக்குப் போய்விட்டது.
அன்று ராத்திரி செபமாலை மணி ஒவ்வொன்றிலும்
மன்னிப்பைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

ஹெசரு ஏனு சார்? ஹெசரு ஏனு அம்மா?
நம் பால் இங்கே ஹாலு,
நம் பெயர் இங்கே ஹெசரு.
முதல் எழுத்து வெறும் மூச்சாகிவிடும் ஊர்.

கம்மனஹள்ளி, மூன்றாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர்.
சீட்டில்: திருமதி நஞ்சுண்டப்பா, வயது ஐம்பத்தெட்டு.
சோபா முனையில் சால்வைக்குள் கையை ஒளித்து ஒரு பெண்.
ஹெசரு ஏனு அம்மா?
பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவர் சொன்னார்:
அதான் சீட்டிலேயே இருக்கிறதே.
அவங்களேதான் சொல்லணும் சார், விதி.
காலையில் வாசித்தது தொண்டையிலேயே நின்றிருந்ததோ என்னவோ,
விதி என்ற சொல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.
பேப்பர் இறங்கியது.
அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பாகீரதம்மா
என்றாள், பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல.

நரம்பு உடனே கிடைத்தது.
ஊதா மூடி, பிறகு சாம்பல் மூடி.
நிறைந்த குழாயை எட்டு முறை
மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.
குலுக்கினால் அணுக்கள் உடையும்.
ஒரு நாளில் எனக்கு வாய்க்கும் நீளமான செபம் அதுதான்,
ஆளுக்கு எட்டுக் கவிழ்ப்பு.
எந்தப் புனிதருக்கும் தெரியாது நான் அப்போது
யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று.
சீட்டில் அடித்து எழுதினேன்: பாகீரதம்மா.

பஞ்சை அழுத்திக்கொண்டே அவள் கேட்டாள்,
நின்ன ஹெசரு?
ஆறு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
கழுத்து அட்டையில் அமலா என்றிருக்கும்,
அது ஆபீஸ் வசதிக்கு வெட்டியது.
அமலோற்பவம், என்றேன்.
இரண்டு முறை முயன்று
இரண்டு முறையும் பாதியில் வழுக்கினாள்.
சாமியார் சிரித்த மாதிரியே சிரித்தாள்.
நஞ்சுண்டப்பா மறுபடி பேப்பருக்குள் போய்விட்டிருந்தார்.

பதினோரு வீடு.
பாணஸ்வாடியில் ஒரு குழந்தை கடித்துவிட்டது.
பெட்ரோல் போட நூறு ரூபாய் கடன்.
மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டில் பாதி மறந்து போயிற்று.

இரவு வேதப்புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.
இன்னாருடைய மனைவிக்கு
வேறொரு பக்கத்தில் பெயர் இருக்கிறது.
தேடி எடுத்து, காலைப் பக்கத்தின் ஓரத்தில்
சின்னதாக எழுதிவைத்தேன்.
வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்கிப் பையன் கேட்டான்:
அம்மா, அதுல எழுதலாமா?

பென்சில்தான்டா, என்றேன்.