பயன்பாடு: உண்டு / இல்லை

படிவத்தில் ஐந்து கட்டம்.
பொருள், நீளம், வயது, யாருடையது,
கடைசியில் பயன்பாடு: உண்டு / இல்லை.
ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.
நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய் எனக்கு.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வெள்ளைக்கண்ணு.

காரைக்குடியில் முதல் பொருள்
சரக்குக் கொட்டகைக்குப் பின்னால்
செம்மண்ணில் நட்டிருந்த தண்டவாளத் துண்டு.
ஆறடி ஒன்பது அங்குலம்.
துருவைச் சுரண்டினால் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது.
ஊருக்கு ரயில் வந்ததே அதற்கு நாற்பது வருடம் கழித்து.
"அப்ப இது வேற எங்கயோ வாழ்ந்துட்டு
இங்க ரெண்டாந்தாரமா வந்திருக்கு"
என்றான் வெள்ளைக்கண்ணு.
அதன் கழுத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது.
பயன்பாடு: உண்டு.

அடுத்து,
நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய இரும்புத் தூண்.
தும்பிக்கையைத் தூக்கிய யானை
ஆசீர்வாதம் பண்ண மறந்து நிற்கிற மாதிரி.
வாய்க்குள் குளவிக்கூடு.
அடியில் போன குழாயைத் தேடிப் போனோம்.
வேலிக்கருவைக்குள் முந்நூறு அடி,
ஒரு கிணறு,
கிணற்றுக்கு ஊற்றாக ஓர் ஊருணி,
ஊருணிக்கு ஒரு வரத்துக்கால்.
கருங்கல் மடை. பலகையை ஏற்றி இறக்க
வார்ப்பிரும்புச் சக்கரம்.
தூணில் இருந்த அதே கம்பெனிப் பெயர், பாதி எழுத்து.

புகை விட்டுக்கொண்டு போனதெல்லாம்
இந்த வாய்க்காலைக் குடித்துத்தான் போயிருக்கிறது.
எங்கள் படிவத்தில் இரண்டும் வேறு வேறு பக்கம்.
போக்குவரத்து ஒன்று, நீர்நிலை ஒன்று,
நடுவில் ஒரு ஸ்டேப்ளர் முள்.

வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தால்
பாதியில் காணாமல் போகிறது.
மஞ்சள் கல், மஞ்சள் கல், மஞ்சள் கல்,
உடனடிப் பத்திரப்பதிவு,
ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம்,
தந்தூரி அடுப்பின் சாம்பல்,
அப்புறம் ரயில் மேட்டுக்கு அடியில்
செங்கல் வளைவாக மறுபடி வாய் திறக்கிறது.
சுண்ணாம்புக் காரை. ஒரு கல் பெயரவில்லை.
மேலே சென்னை வண்டி போகும்போது
கொஞ்சம் தூசி மட்டும் உதிர்கிறது.

உள்ளே சிக்கந்தர்.
பதினெட்டு வருடமாகப் பைக் சாமான்களோடு.
சைலன்சர், சங்கிலி, ஆறு பெட்ரோல் டேங்க்,
ஊதுபத்தி செருக ஒரு ஸ்பார்க் பிளக்.
"வளைவு ரயில்வேயோடது, தரை வருவாய்த்துறையோடது,
நிழல் மட்டும் எனக்கு."
யாருடையது என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதினேன்.
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

"இதுல கடைசியா எப்பத் தண்ணி போச்சு?"
பொறியாளர் குமரப்பன் கேட்டார்.
தெரியாது, சார்.
"தெரியாதுன்னு ஒரு கட்டம் இருக்கா?"
இல்லை, சார்.
மின்விசிறிக்குத் தாள் படபடத்தது.
ஒரு கையால் அமுக்கிக்கொண்டு
மறு கையால் 'உண்டு'வை அடித்தேன்.
கோடு நேராகத்தான் வந்தது.
இல்லை என்று ஆனால் அடைத்துவிடலாம் என்பது
எனக்குத் தெரியும்.

ஐப்பசி எட்டாம் தேதி, சாயங்காலத்தில் பிடித்த மழை.
நான் போனபோது இரவு ஒன்பது.
மஞ்சள் கற்களின் தலை மட்டும் தெரிந்தது.
மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள்
வரிசையாக மிதந்து
வரத்துக்கால் போன வழியிலேயே திரும்பி
வளைவுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன.
யாரும் அவற்றுக்கு வழி சொல்லவில்லை.

சிக்கந்தர் தொடையளவு தண்ணீரில்.
"புடிங்க மேடம், புடிங்க" என்று நீட்டினார்.
என் கையெழுத்து இருக்கும் தாளை அவர் பார்த்ததில்லை.
ஒரு டேங்க். இரண்டு.
மூன்றாவது கை நழுவி,
மறுபக்கத்து இருட்டுக்குள் மணி மாதிரி இடித்துக்கொண்டே போனது.

அப்போது மேலே வண்டி வந்தது.
இருவரும் சட்டென்று குனிந்தோம்,
குனியத் தேவையில்லை என்று
இருவருக்கும் தெரிந்திருந்தும்.