கோடு திரும்பவில்லை

குடியாத்தம் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், பத்திரம் டைப்பிங்.
பிலிம் ஸ்கேனும் உண்டு என்று
போர்டில் எழுதியது என் தப்பு.

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்:
ஒரு துண்டு பிலிம், நாலு கட்டம்.
மூன்றில் தம்பி கல்யாணம். நாலாவதில் புழக்கடை.
"நாலாவதுதான் வேணும். திங்கக்கிழமை வாய்தா."

நெகட்டிவில் அவர் தலை முழுக்க வெள்ளை,
இன்றைக்கு இருப்பதைப் போலவே.

துண்டைக் குறுக்கே வைத்து ஓட்டினேன்.
புழக்கடையில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை
பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது.
நடுவில் சுவர் இருந்தால் பாவு எப்படிப் போகும்?
வக்கீல் சொல்லிக்கொடுத்த கேள்வி.

ஆனால் திரையில்,
இன்றைக்குச் சுவர் நிற்கிற அதே இடத்தில்
மேலிருந்து கீழே ஒரு கோடு.
போதாததற்குக் கிணற்றின் மேல் வானவில் வளையங்கள்,
யாரோ இப்போதுதான் கல் எறிந்ததைப்போல.

வளையம் சுலபம். பிலிம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் வரும்.
பளபளப்பில்லாத பக்கத்தைக் கீழே போட்டு
இரண்டு ஓரத்திலும் அட்டை கொடுத்துத் தூக்கினேன்.
கிணறு அடங்கியது.

கோடு அடங்கவில்லை.
மவுஸால் அழித்தால் இரண்டு நிமிஷ வேலை.
"ஒரு புள்ளி அழிச்சாலும் எதிர் வக்கீல் புடிச்சுக்குவான்மா."

ஊதினேன். பிரஷ்ஷால் தட்டினேன்.
கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது.
கடைசியில் துண்டை முனை மாற்றி வைத்தேன்.

படங்கள் இடம் மாறின. கோடு மாறவில்லை.
இப்போது அது கல்யாணத்தில் விழுந்தது,
தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நடுவில்.
தணிகாசலம் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

அப்படியென்றால் குற்றம் பிலிமில் இல்லை.

கண்ணாடியின் மேல் ஓரத்தில் எதையும் வைக்காத ஒரு பட்டை.
வெள்ளை என்றால் எது என்று
இயந்திரம் முதலில் அங்கேதான் பார்த்துக்கொள்ளும்.
அங்கே ஒன்றைத் தப்பாகப் பார்த்தால்
அடிவரை அதையே இழுத்துக்கொண்டு வரும்.
டார்ச் அடித்தேன். பஞ்சு.
கைலித் தறியிலிருந்து பறந்து வந்த அரை இழை.
விரல்நுனியில் ஒட்டி எடுத்தேன்.

பாவு முழுசாக ஓடியது.
மூன்று பிரதி, நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

மறுநாள் இன்னொருவர் வந்தார், அதே மூக்கு.
"கோடு விழுந்த படம் ஒண்ணு இருந்திச்சாமே.
அது என்ன விலை?"

தோளில் பஞ்சு படிந்திருந்தது.
பதில் சொல்வதற்கு முன்
ஸ்கேனர் மூடியைச் சாத்தினேன்.