வெதுவெதுப்பு

பன்னிரண்டு மணிநேரம் சர்க்கரை பீட்டைக் குவித்துவிட்டு
விடியும்போது திரும்புகிறோம்.
காதுமடலுக்குப் பின்னாலும் சேறு.
ரெட் ரிவர் சமவெளி, அக்டோபர்.
காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது.

இருபத்து நாலடி டிரெய்லர்.
அதற்குள் நான், ரோவீனா, டாஃபி என்கிற நாய்.
ரோவீனா என் நாத்தனார்.
லைல் மே மாதம் போய்விட்டான்.
போனவனின் அக்காளை
இனி என்ன முறை சொல்லி அழைப்பதென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அவளும் போகவில்லை.

ஷவரைத் திறந்தால்
வெதுவெதுப்பு.
கடன் கேட்க வந்தவன்
கைகுலுக்குகிற மாதிரி.

"லைல்தான்" என்றாள், தலையில் நுரையோடு.
"எதைத்தான் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான்?"

முதல் நாள் கேஸைச் சந்தேகப்பட்டோம்.
சிலிண்டரில் பாதிக்கு மேல் இருந்தது,
அடுப்பு நீலமாய் எரிந்தது.
வெளிமூடியைக் கழற்றி
ஹீட்டர்முன் மண்டியிட்டோம்.
டிக், டிக், டிக்,
பிறகு ஹூவென்று பற்றியது.
குழாய்க்குள் சிலந்திக்கூடு.
கேஸ் வாடை சிலந்திக்குப் பிடிக்குமாம்,
பக்கத்து வண்டி ஆர்வில் சொன்னார்.
லைல் விட்டுப்போன பல்துலக்கியால் வழித்தெடுத்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தேன்.
சுடர் நிமிர்ந்து நின்றது.
தண்ணீர் அப்படியே.

இரண்டாம் நாள் பைபாஸ்.
கட்டிலைத் தூக்கி, பலகை கழற்றி,
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பார்த்தால்
மூன்று வால்வும்
இருக்கவேண்டிய திசையில் இருந்தன.
அதையாவது சரியாகத் திருப்பியிருக்கிறான்.
எங்கள் இருவருக்கும் அதில்
சின்ன ஏமாற்றம்.

டேங்கைத் தொட்டேன். விரல் சுட்டது.
உள்ளே ஆறு கேலன் கொதிக்கிறது,
குழாயில் வருவது வேறு யாரோ.

மூன்றாம் நாள் நடுப்பகல்
தூக்கம் கலைந்து, தாகத்துக்கு
பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.
வெதுவெதுப்பு.

டம்ளரைக் கையில் பிடித்தபடி
வெகுநேரம் நின்றேன்.
சூடு தொலையவில்லை.
போகக்கூடாத பக்கம் போகிறது.
எங்கோ இரண்டும் சந்திக்கின்றன.

அவளை எழுப்பினேன்.
போர்வையோடு,
பூட்ஸுக்குள் வெறுங்காலோடு,
வண்டியைச் சுற்றி நடந்தோம்.
பின்சக்கரத்துக்கு மேலே சின்னக் கதவு: வெளி ஷவர்.
கைப்பிடிப் பொத்தான் அமுங்கியிருந்ததால்
ஒரு சொட்டும் வெளியே இல்லை.
ஆனால் சிவப்புக் குமிழும் நீலக் குமிழும்
முழுக்கத் திறந்து கிடந்தன.
சுடுநீரும் பச்சைநீரும் அதற்குள்ளே
ஓசையில்லாமல் கலந்துகொண்டிருந்தன,
இரவும் பகலும்.

"லைல்..." என்று ஆரம்பித்தாள்.
நிறுத்தினாள்.

நீலக் குமிழில் ஒட்டியிருந்தது
மஞ்சள் நாய்முடி.

நெப்ராஸ்கா. இங்கே வருவதற்கு முந்தின நிறுத்தம்.
செத்த மீன்மேல் புரண்டுவந்த டாஃபியை
மூக்கைப் பொத்திக்கொண்டு
குளிப்பாட்டினவள் ரோவீனா.
கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்தவள் நான்.
மூடு என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
டாஃபி எங்களைப் பார்த்து வாலாட்டியது.

அவள் சிவப்பைத் திருகினாள்,
நான் நீலத்தை.
ஒரு திருகு, இன்னொரு அரைத் திருகு.
மூன்று நாள் ஸ்க்ரூடிரைவர்
பையிலேயே இருந்தது.

ஆறு கேலன். ஆளுக்கு நாலு நிமிடம்.
"நீ முதலில் போ" என்றாள்.
முட்டை வேகவைக்கிற டைமரைத் திருகிக்கொண்டு
கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

தோளில் விழுந்தது.
"சுடுது!" என்று கத்தினேன்.
சுடட்டும் என்றாள்.
சமவெளியின் கறுப்பு மண்
கணுக்காலைச் சுற்றிக் குழம்பாய் ஓடியது.
டைமர் அடித்தது, எனக்குக் கேட்டது.
அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஐந்தாவது நிமிடம் கதவு அதிர்ந்தது.
நாத்தனார் தட்டுகிற மாதிரியேதான்
தட்டினாள்.