மூன்று விலைப்புள்ளிகள்

குமுளியில் மழை. மின்சாரம் மூன்றாம் முறை போய்
யூபிஎஸ் கூவுகிறது.
மேசையில் மூன்று விலைப்புள்ளிகள்,
ஏலக்காய்த் தூள் படிந்த என் விரல்ரேகையோடு.

முதல் கம்பெனி கருவியை விற்கவில்லை,
வாடகைக்குத் தருகிறது.
மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா;
கட்டத் தவறினால்
நம் எண்களையே நமக்குக் காட்டாது.

இரண்டாவது, ஹீலியம் வேண்டாம் என்கிறது.
ஹைட்ரஜனே போதுமாம்.
போன மாசியில் ஒரு சிலிண்டருக்காக
நாற்பது நாள் காத்திருந்தவள் நான்.
அந்த வரியை இருமுறை படித்தேன்.

மூன்றாவது பழையது. கொச்சியில் ஒரு மருந்துக் கம்பெனி
கழித்துக் கட்டியது.
முதலாளி குரியச்சனுக்கு அதன் விலை பிடித்திருக்கிறது.
"பழசு போதாதா, பேச்சி?"

போதும்,
சரக்கு இறங்கும் துறைமுகத்தில் கேட்கும் அளவு
போன வருடத்து அளவாகவே இருந்தால்.
கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராம்:
இப்போது அதற்கும் கீழே பார்க்கச் சொல்கிறார்கள்.
பழைய கருவிக்கு அங்கே கண் தெரியாது.
தெரியாததை 'இல்லை' என்று
கையெழுத்துப் போட வேண்டியது நான்.

மூவரிடமும் கேட்டது ஒன்றுதான்:
பழுதானால் யார் வருவார்கள்?
கொச்சிக்காரர், "உங்க பில் முகவரி கூடலூர், தமிழ்நாடாச்சே" என்றார்.
சென்னைக்காரர், "குமுளி கேரளாவாச்சே."
மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் வருவாராம்.

பத்துக் கோடியில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு
சோதனைச்சாவடியை ஒட்டிய இந்த மாடிப்படி தெரியவில்லை.

ஒப்பீட்டுத் தாளில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டேன்:
லோயர்கேம்ப் வளைவுகளையோ முண்டக்கயம் ஏற்றத்தையோ தாண்டி
ஸ்பேனரோடு ஓர் ஆள் வந்து சேர
எத்தனை மணி நேரம்.

மூன்று கட்டங்களும் காலி.
கீழே யாரோ மாதிரிப் பையோடு
ஷட்டரைத் தட்டுகிறார்.