இரண்டாம் ஆட்டம்

பேய்ப் படம் என்றுதான் கூட்டிப் போனார் ரோச்.
ராமநாதபுரத்தில் இரண்டாம் ஆட்டம்,
ஆளுக்கொரு முட்டை பப்ஸ்.

முதல் அரைமணி நேரம் பேய்ப் படமாகத்தான் இருந்தது:
வராந்தாவில் ஈரக் காலடி,
யாருமில்லாத அறையில் இருமல்.
அப்புறம் அந்தப் பேய்
தாலுகா ஆபீஸில் டோக்கன் எடுத்து நின்றது,
தன் இறப்புச் சான்றிதழுக்கு.
"சம்பந்தப்பட்டவர் நேரில் வரணும்" என்றார் கிளார்க்.
"வந்துட்டேன்" என்றது.
தியேட்டரே சிரித்தது. இவர்
என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

எந்த இடத்தில் சிரிப்பு நின்றது, தெரியவில்லை.
ஆபீஸைப் பூட்டிப் போனார்கள்.
பேய் வரிசையை விட்டு நகரவில்லை,
காலடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது.
காலையில் பெருக்க வந்தவள்
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.
உப்பு.

உச்சிப்புளி வரை பைக்கில் பேச்சில்லை.
"என்ன மாதிரிப் படங்க இது?"
"பேய்ப் படம்."
ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தார்.
"இல்ல, சிரிப்புப் படம்."
ரயில் போய், கேட் தூக்கி,
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை
கிளப்பவில்லை.

கொழுந்தன் சேசுவடியான் தங்குகடல் போய் ஐந்து வருசம்.
ஏழு முடியட்டும் என்கிறார்கள்,
காகிதம் தர.

மண்டபத்தில் கரண்ட் இல்லை.
விடிந்தால் இவர் டோக்கன் எடுக்க வேண்டும், கடலுக்கு.
இருட்டில் சட்டையை ஆணியில் மாட்டியபடி கேட்டார்:
"கடைசியில அந்தக் கவுண்டர் சன்னல்
தொறந்துச்சா? காத்துல ஆடுச்சா?"

நான் பார்க்கவில்லை.
அப்போது திரையின் வெளிச்சத்தில்
இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.