ஏழரை

புதன்கிழமை வெறும் வயிற்றோடு நிறுக்க வேண்டும்.
முந்தின மாலையே தொட்டிகளை எடுத்துவிடுவோம்.
சேன்-லூ சரிவில், காலை ஆறு மணிக்கு,
கீழே கடல் இன்னும் சாம்பலாய்க் கிடக்கையில்
ஒவ்வொன்றாகத் தூக்கித்
தராசுத் தொட்டிலில் இறக்குவான் ஃபிரெதெரிக்.
முள் ஆடும். ஆடு ஆடும்.
இரண்டும் ஒருசேர நிற்கும் கணத்துக்காக
பென்சிலோடு காத்திருப்பேன்.

போட்டது எத்தனை கிராம், மிச்சம் எத்தனை கிராம்.
கரும்புத் தோகை, உலர்புல், பாகு பிசைந்த தவிடு,
சிந்தியதையும் பெருக்கி எடுத்து நிறுப்போம்.
தின்றதை வளர்ந்ததால் வகுத்து வரும் எண்தான்
இங்கே ஓர் ஆட்டின் ஜாதகம்.

நானூற்றுப் பதினேழு
நாளுக்கு ஐந்நூற்று இருபது தின்று
நூற்று முப்பது ஏறினான்.
நான்கு.
பதினொரு வாரமும் நான்கு!
தொக்தர் மொரேல் அதன்கீழ் இரண்டு கோடு போட்டார்,
விந்தை உறையவைக்கலாம் என்றார்.

பக்கத்துக் கொட்டடியில் பதினெட்டு.
தொட்டி தினமும் காலி,
முதுகெலும்பை விரலால் எண்ணிவிடலாம்.
தொள்ளாயிரத்துப் பத்து தின்று அறுபது.
பல் பார்த்தோம், புழு பார்த்தோம்,
'சோம்பேறிக் குடல்' என்று எழுதி மூடினோம்.

காளி கோயிலுக்குக் கிடா பார்க்க வந்த வையாபுரி
எண் எதையும் கேட்கவில்லை.
கம்பி வலையருகே குந்தி, நெடுநேரம் பார்த்துவிட்டு,
"இவனுக்குக் கழுத்துல மட்டும் ஏன் மயிர் தேஞ்சிருக்கு?"
என்று கிரியோலில் கேட்டான்.
தேய்ந்த கழுத்து சாமிக்கு ஆகாதாம். போய்விட்டான்.

அன்றிரவு டார்ச்சை அணைத்து உட்கார்ந்திருந்தேன்.
பத்தரைக்குத் தடுப்புப் பலகை முனகியது.
அடிப்பட்டைக்கு மேலே ஒரு கருப்புத் தலை,
பிறகு கழுத்து.
அடுத்தவன் தொட்டியில் அவசரமே இல்லாமல்
வீட்டுக்காரனைப் போலத் தின்றான்.
பதினெட்டு மூலையில் நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது,
வாயில் ஒன்றுமில்லாமல்.

இரண்டு பேர் தின்றதையும் கூட்டி
இரண்டு பேர் வளர்ந்ததால் வகுத்தேன்.
ஏழரை.
சிரித்துவிட்டேன், கொட்டகையில் தனியாக.
தொக்தருக்குச் சனியைத் தெரியாது;
விளக்க இன்னும் ஒரு பக்கம் எழுத வேண்டும்.
எழுதினேன். அதற்குள்
இரண்டு கோட்டின் மேல் எதைப் போட்டு அடிப்பது?

பலகைக்குக் கம்பி கட்டினோம்.
அடுத்த புதன்
பதினெட்டு ஒரு கிலோ இருநூறு கூடியிருந்தது,
ஃபிரெதெரிக் இரண்டு முறை நிறுத்தான்.
பதினேழு அப்படியே நின்றான்.
அவன் தொட்டியில் அவனுடைய பங்கு
பாதி மிச்சம் இருந்தது.
கழுத்தை வலையில் தேய்த்தபடி
அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.