பிந்திப் பூக்கிறவை

ஒலுமடுச் சந்தியிலிருந்து மூன்றாவது மதகு தாண்டி
ஒழுங்கைக்குள் இறங்கினால்
முதலில் சந்திரபோசின் வளவு வரும்.
வெள்ளையடித்த கல் வரிசை, குரோட்டன் சாடிகள்,
விளக்குமாறு கீறிய கோடு அழியாத முற்றம்.
அதற்கடுத்த பற்றை என்னுடையது.

பற்றை என்று நான் சொல்லவில்லை.
டெங்குப் பரிசோதனைக்கு வந்த பொடியன்
படிவத்தில் அப்படித்தான் எழுதினான்.
"அக்கா, இதெல்லாம் வெட்ட வேணும். ரெண்டு கிழமை தாறன்."
அது புரட்டாதிக் கடைசி.
வண்டுகொல்லி ஆளுயரம் தாண்டி
மொட்டா இலையா என்று தெரியாத ஒன்றை
நுனியில் மடித்து வைத்திருந்த நேரம்.

அவனைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வந்தேன்.
ஒரு சிரட்டை இல்லை, ஒரு யோகட் கோப்பை இல்லை.
"தண்ணி நிக்கிற இடம் காட்டும் தம்பி, வெட்டுறன்."
நாயுருவி மட்டும்
அவன் காற்சட்டையைப் பிடித்து
எனக்காக ஏதோ கெஞ்சிப் பார்த்தது.

இவற்றுக்கு அவசரம் கிடையாது.
சித்திரை மழைக்கு முளை காட்டிவிட்டு
வைகாசி முழுக்க வேருக்குள்ளேயே கணக்குப் பார்க்கும்.
சோளகம் புழுதி கிளப்பி
கிணற்று வாளி கல்லில் தட்டும் நாளில்
ரோசாவுக்கு மூச்சு வாங்கும், மல்லிகை சுருண்டுவிடும்.
துத்தி சாம்பல் பூத்த இலையோடு நிற்கும்.
வெயில் சாய்ந்த பிறகு ஒரு மஞ்சள் கண்ணைத் திறந்து
யார் வந்தது என்று பார்த்துவிட்டு மூடும்.

நான் செய்வது கொஞ்சம்தான்.
காற்றுக்கு முன்னம் முட்டுக் கொடுப்பேன்,
தறப்பாள் கயிற்றை எட்டுப் போலச் சுற்றி, இறுக்காமல்.
போன வருசம் முட்டுக்கு ஊன்றிய பூவரசங் கதியால்
தானும் துளிர்த்துவிட்டது.
எது முட்டு, எது செடி,
இப்போது எனக்கே தெரியாது.

கார்த்திகைப்பூ நான் நட்டதில்லை.
இந்தக் காணியைத் துப்புரவாக்கி
சிவப்புப் பலகையைக் கழற்றித் தந்த வருசம்
அது ஏற்கெனவே இங்கே இருந்தது.
முழங்காலில் இருந்து சாண் சாணாகத் தேடியிருந்தார்கள்.
இரும்பு தேடும் கருவிக்குக்
கிழங்கு தெரியாது.

ஐப்பசி ஒன்பது இரவு யானை வந்தது.
மின்வேலியில் மின்சாரம் இல்லை.
சந்திரபோசின் சாடி ஒன்றையும் தொடாமல்
என் வளவைக் குறுக்கால் பிளந்து
கல்வாழையில் பாதியைத் தின்று
வண்டுகொல்லி பதினொன்றை மடித்துப் போட்டு
பின்வேலியால் குளத்துக்குப் போய்விட்டது.
விடிய, வேலிக்கு மேலால் சந்திரபோஸ் சொன்னான்:
"பாத்தீரே, காடெண்டு நினைச்சிட்டுது."
இந்த வளவைப் பற்றி
இதைவிட நல்ல வார்த்தை ஒருவரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு சுவட்டிலும் ஒரு சட்டி மழைத்தண்ணீர்.
பொடியன் வருமுன்
பதினேழு குழிக்கும் மண் போட்டேன்.
அவன் வந்து, நடுவால் திறந்து கிடந்த பாதையைப் பார்த்து,
"ஓரளவு துப்புரவு செய்யப்பட்டுள்ளது" என்று எழுதி
ஒப்பமும் வைத்தான்.
ஆர் செய்தது என்று அவன் கேட்கவில்லை.

மடிந்ததை முழங்கால் உயரத்தில் சரித்து வெட்டிவிட்டேன்.
ஒன்றுக்கு இரண்டாய்க் கிளைத்தன.
மற்றவை கார்த்திகையில் மஞ்சள் மஞ்சளாய் நிமிர்ந்து நிற்க,
வெட்டியவை மார்கழி நடுவில்தான்,
பிந்துகிறவற்றுக்கும் பிந்தி,
மழைக்குள் பூத்தன.
யானை போன வழியை நான் மூடவில்லை.
கிணற்றடிக்கு இப்போது அதுதான் பாதை;
நானாய் வகுத்திருந்தால் இவ்வளவு நன்றாய் வளைந்திராது.

நேற்று சந்திரபோசின் மனைவி தயாநிதி
அந்த வழியால் மெல்ல நடந்து வந்து
கல்வாழையில் ஒரு கன்று கேட்டாள்.
இப்ப ஏலாது, தை பிறந்து
மண் கொஞ்சம் இறுகட்டும், பிரிச்சுத் தாறன் என்றேன்.
"சாடியில வைக்கலாமோ?"
வையும் என்றேன்.
கிழங்கு பெருத்தால் சாடி வெடிக்கும் என்பதை
அவளுக்குச் சொல்லவில்லை.